கழியில் செலவழிந்த குரல்

எங்கள் ஊர்ப் படகுப் போட்டியை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்வது எனக்கு எப்போதும் பேஜாரான வேலை. படகுப் போட்டி என்றதும் அவர்கள் நீளநீளமான படகுகளையும், வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போடும் ஆட்களையும் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே முதல் விதியே படகு கூடாது என்பதுதான். கடற்கரையில் ஃபைபர் போட்டுகள் வரிசையாகக் கிடக்கும். அதில் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது. படகாக இல்லாத எதையாவது கட்டி மிதக்கவிட வேண்டும். மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி, நீல பேரல், வாழை மரம், பழைய கதவு, எதுவானாலும் சரி. ஒரு வருடம் ஒருவர் ரிப்பேரான ஃபிரிட்ஜை மல்லாக்கப் போட்டுக் கொண்டுவந்தார். அது கரையை விட்டு நகர்வதற்குள் முழுகிவிட்டது. இன்றைக்கும் அவர் ஐஸ் தண்ணீர் கேட்டால் அவர் மனைவி ஊரோரத்து உப்பங்கழியைக் கை காட்டுகிறாள்.

இரண்டாவது விதிதான் முக்கியம். ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேர், முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். முன்பக்கம் பார்த்து உட்காருகிறவர் கையில் ஒன்றும் இருக்காது. பின்பக்கம் பார்க்கிறவர் கையில் தென்னை மட்டை இருக்கும். வழி தெரிகிறவரிடம் மட்டை இல்லை, மட்டை இருப்பவருக்கு வழி தெரியாது. ஆகவே முன்னால் இருப்பவர் கத்த வேண்டும், பின்னால் இருப்பவர் கேட்டுப் போட வேண்டும். கழியின் நடுவில் நட்டிருக்கும் சவுக்குக் கம்பைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். முதலில் வருகிற ஜோடிக்கு ஓர் எவர்சில்வர் குடம்.

ஆனால் காணும் பொங்கலன்று கரையில் நிற்கிற கூட்டம் குடத்தைப் பார்க்க வருவதில்லை. சண்டையைக் கேட்க வருகிறது. முன்னால் இருப்பவரின் இடது, பின்னால் இருப்பவருக்கு வலது. "லெஃப்ட்டு" என்று ஒருவர் கத்தினால் யாருடைய லெஃப்ட்டு? புத்தியுள்ள ஜோடிகள் "கடல் பக்கம்", "ரோடு பக்கம்" என்று சொல்லிக்கொண்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். புத்தி இல்லாதவர்கள் நடுக்கழியில் வட்டமடித்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த மனத்தாங்கலையெல்லாம் ஊரறியக் கொட்டுவார்கள். நானும் என் வீட்டுக்காரரும் இந்த இரண்டாவது ரகம்.

சொல்லப்போனால் இந்தக் கூத்தை ஆரம்பித்ததே நாங்கள்தான். பெருமழை பெய்த ஒரு கார்த்திகையில், நாங்கள் இருவரும் புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் தரைப்பாலம் முழுகிவிட்டது. இந்தக் கரையில் நாங்கள். அந்தக் கரையில், பூட்டிய வீட்டுக்குள் எங்கள் பெண். அப்போது அவள் சின்னப் பிள்ளை. இவர் மீன் கம்பெனிக்காரர் போட்டு வைத்திருந்த தெர்மாகோல் பெட்டிகளைக் கயிற்றால் கட்டினார். எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் கவிழ்ந்தது. முதுகோடு முதுகு உட்கார்ந்தால்தான் நின்றது. நான் மட்டை போட, அவர் கத்த, பிள்ளை அழுமே என்ற பதைப்பில் நான் பதிலுக்குக் கத்த, இரண்டு கரையிலும் ஜனம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அடுத்த பொங்கலுக்கு அதையே போட்டியாக்கிவிட்டார்கள். கஷ்டத்தைக்கூட விளையாட்டாக்கிவிடுகிற ஊர் எங்களுடையது.

நான் ஊராட்சிப் பள்ளியில் டீச்சர். எங்கள் அப்பா அம்மா தலைமுறை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டது. நாங்கள் படித்தோம். அவர் ஐ.டி.ஐ. முடித்து, மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வரும், ஏறிப் போய்விடுவார். நாளெல்லாம் இரும்புத் தகட்டை மெஷின் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி, அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாமல் போயிற்று. வீட்டில் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துவந்து கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் பாடினாலும் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். ராகம் வேறு கிடையாது. பாஸ்டர் ஒருமுறை அவரைத் தனியாக அழைத்து, "பிரதர், மனசுக்குள்ள பாடினாலும் ஆண்டவருக்குக் கேக்கும்" என்று சொல்லிப் பார்த்தார். இவர் பெரிய சிரிப்பாகச் சிரித்துவிட்டு வந்தார்.

கழியில் எங்கள் சண்டை எப்போதும் ஒரே சண்டைதான்.

"லெஃப்ட்டு டீ, லெஃப்ட்டு."

"லெஃப்ட்டு தான்யா போட்டுகினு கீறேன்."

"இன்னாத்த போட்ட. பெட்டி ரோட்டாண்ட போவுது பாரு. லெஃப்ட்டு ரைட்டு கூட தெரியாம புள்ளைங்களுக்கு இன்னாத்த சொல்லிக் குடுக்கற டீச்சரு."

"உன் லெஃப்ட்டு எனக்கு ரைட்டுய்யா. எத்தினி வருசமா சொல்றது. கடல் பக்கம்னு சொல்லேன்."

"என் லெஃப்ட்டு தான் லெஃப்ட்டு. முன்னாடி பாத்துகினு கீறது நானு."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் "லெஃப்ட்டு டீ" என்று தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொள்ளும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இவருக்கு அது பெருமை. ஒருமுறைகூட நாங்கள் ஜெயித்ததில்லை. எப்போதும் கடைசி. ஆனால் எங்கள் பெட்டி இறங்கினால்தான் ஜனம் டீக்கடையை விட்டு எழுந்து கரைக்கு வரும்.

சில வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆயுத பூஜை சமயத்தில் அவர் குரல் கம்மியது. சளி என்று மிளகு ரசம் வைத்தேன். போகவில்லை. பிரஸ் ஷாப்பில் எல்லாரையும் போல இவரும் உதட்டுக்குள் புகையிலை அடக்குகிற ஆள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் நான் விட்டுவிட்டேன். தீபாவளி முடிந்ததும் செங்கல்பட்டில் காட்டினோம், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா படத்தைக் காட்டி விளக்கினாள். தொண்டையில் கட்டி. குரல்வளையோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார்.

"எடுத்துட்டா அப்பால கத்தலாமா டாக்டரம்மா" என்று இவர் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "பேசவே முடியாதுங்க ஐயா. கழுத்துல ஓட்டை போட்டு, அது வழியாத்தான் மூச்சு விடுவீங்க."

தை மாதக் கடைசியில் தேதி கொடுத்தார்கள். அதுவரை கத்தக் கூடாது, அளவாகப் பேச வேண்டும், இருக்கிற குரல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேளம்பாக்கம் வரைக்கும் கடை போர்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், "பரவால்ல, உனக்குத் தான் நிம்மதி" என்றார். நான் அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பெண் படூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர் வேலை. அப்போது அவளுக்கு ஐந்தாவது மாதம். விஷயம் தெரிந்து ஓடிவந்தவள், அழுது முடித்துவிட்டு, அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "பாப்பா பொறக்கும்போது உன் குரல் இருக்காதுப்பா. அதுக்காக ஏதாவது பேசி போன்ல வெச்சுக் குடு. கதை சொல்லு, பாட்டுப் பாடு, சும்மா பேர் சொல்லிக் கூப்பிடு, எதுவானாலும் பரவால்ல. அது உன் குரலைக் கேட்டு வளரணும்."

இதைவிடச் சின்ன விஷயம் உலகத்தில் இருக்கிறதா? ஊருக்கே கேட்கப் பேசுகிற மனிதருக்கு, போனைக் கையில் கொடுத்ததும் வாய் வரவில்லை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு உட்காருவார். படம் எடுக்கவில்லை, குரல் மட்டும்தான் என்று சொன்னாலும் சீவிக்கொள்வார். "அனைவருக்கும் வணக்கம்" என்று யூனியன் மீட்டிங்கில் பேசுவது மாதிரி ஆரம்பிப்பார். உடனே அவருக்கே சிரிப்பு வந்து அழித்துவிடுவார்.

"பொறக்காத புள்ள கிட்ட இன்னான்னு பேசறது. ஆணா பொண்ணான்னு கூட தெரியல."

"இன்னா வேணா பேசுய்யா. நிலா, காக்கா, கடல்னு எதுனா சொல்லு."

"காணும் பொங்கல் முடியட்டும். அன்னிக்கி சாயங்காலம் உக்காந்து நல்லதா நாலு வார்த்த பேசறேன். மனசு நெறஞ்சு கீறப்ப பேசினா தான் குரலு நல்லா வரும்."

போட்டிக்கே போக வேண்டாம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. கம்பெனி ஸ்கிராப்பில் சொல்லி வைத்து இரண்டு நீல பேரல்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மறுக்க மனசு வரவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்.

"இந்த வாட்டி வாயே தொறக்க மாட்டேன்" என்றார். "கை முட்டியால உன் முதுவுல இடிக்கிறேன். எந்தப் பக்கம் இடிக்கிறனோ அந்தப் பக்கம் நீ போடு. முட்டி படகுக்கு, குரலு பாப்பாவுக்கு. சரியா."

பொங்கலுக்கு முந்தின வாரம் முழுவதும் சாயங்காலம் கட்டிலில் முதுகோடு முதுகு உட்கார்ந்து பழகினோம். என் கையில் துடைப்பம். அவர் முழங்கையால் இடிப்பார், நான் அந்தப் பக்கம் துடைப்பத்தைப் போடுவேன். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே லெஃப்ட்டு ரைட்டு தகராறு இல்லாமல் நாங்கள் போனது அந்தக் கட்டிலில்தான். பெண் பொங்கலுக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காணும் பொங்கலன்று கழியில் தண்ணீர் நன்றாக இருந்தது. முகத்துவாரத்துப் பக்கமிருந்து காற்று. நாங்கள் பேரலை உருட்டிக்கொண்டு வந்ததும், கரையில் ஒரு மாதிரி அமைதி. எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. எப்போதும் "இன்னா டீச்சரம்மா, இந்த வருசமாவது ரோட்டுக்கு ஏத்தாம இருப்பீங்களா" என்று கேலி செய்கிற மீன்காரம்மாகூட வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். மைக் செட்டுக்காரர் பாட்டை நிறுத்தி, "அண்ணாத்த வந்துகினு கீறாரு, எல்லாரும் கம்முனு இருங்க" என்று அறிவித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. செத்த வீட்டுக்குள் நுழைவது மாதிரி இருந்தது. அவருக்கும் பிடிக்கவில்லை என்று அவர் முதுகு இறுகியதில் தெரிந்தது.

விசில் ஊதினார்கள். அவர் இடித்தார், நான் போட்டேன். கட்டிலில் பழகியது நன்றாகவே உதவியது. பேரல் கோணாமல் போயிற்று. எனக்கு ஆச்சரியம். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் மற்ற பெட்டிகள் எல்லாம் என் கண்ணுக்கு நேரே தெரிந்தன. எல்லாம் எங்களுக்குப் பின்னால். நாங்கள் முதலில் போய்க்கொண்டிருந்தோம்.

கொஞ்ச தூரம் போனதும்தான் நான் கவனித்தேன். பிரியாணிக் கடை பாயும் அவர் மருமகனும் வருடம் தவறாமல் குடம் வாங்குகிறவர்கள். மாமனார் கத்துவார், மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டு போடுவான். அன்று அவன் மட்டை தண்ணீரில் இறங்கவே இல்லை. மேலாக்கத் தடவிக்கொண்டிருந்தான். மீன்காரம்மா மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தரும் போடவில்லை. எங்களை ஜெயிக்க வைக்க ஊரே சேர்ந்து பேசி வைத்திருந்தது. அவர் ஒரே ஒரு தடவை குடம் வாங்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் ஜனத்துக்கு அன்பு வந்தால் இப்படித்தான் வரும், ஆளைப் பிடித்து அமுக்குகிற மாதிரி.

பார்த்ததை அவரிடம் மறைத்தேன். அவர் குடம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரட்டும், மனசு நிறைந்து உட்கார்ந்து குழந்தையிடம் பேசட்டும் என்று மட்டையை ஆழமாகப் போட்டேன். ஆனால் சவுக்குக் கம்பைச் சுற்றித்தானே ஆக வேண்டும். சுற்றினோம். இப்போது அவர் முகம் கரையைப் பார்த்துத் திரும்பியது. எதிரே மற்ற பெட்டிகள் எல்லாம், மட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வழிவிட்டு நிற்கிற வண்டிகள் மாதிரி ஒதுங்கி நின்றன.

முழங்கை இடிப்பது நின்றது.

"இடிய்யா" என்றேன்.

"டேய்" என்றார்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ. மூன்று மாதமாகக் கரகரத்துக்கொண்டிருந்த தொண்டையிலிருந்து, பழைய பிரஸ் ஷாப் குரல் அப்படியே எழுந்து வந்தது. என் முதுகெலும்பு அதிர்ந்தது. கரையில் நின்ற ஜனம் அத்தனையும் நிமிர்ந்தது.

"டேய் பாயி. இன்னாடா பண்ற. உன் மருமவன் மட்டைய தண்ணில போடறானா, எனக்கு விசிறி வுட்டுகினு கீறானா. கை வெளங்கலயா அவனுக்கு."

"அண்ணாத்த, கத்தாதீங்க, தொண்ட" என்று பாய் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தொண்ட என்னுது. குடத்த பிச்ச போடறீங்களா எனக்கு. நான் இன்னா செத்தா பூட்டேன். செத்தா வந்து அழுங்கடா, இப்ப ஒயுங்கா மட்டைய போடுங்கடா. இழுங்கடா."

நான் திரும்ப முடியாமல் என் முழங்கையால் அவரை இடித்தேன். "வாய மூடுய்யா. சாயங்காலம் பாப்பாவுக்குப் பேசணும். வாய மூடு."

"நீயும் தான பாத்துகினு வந்த. பின்னாடி பாக்கறவ நீ தான. ஏன்டி சொல்லல. இவுனுங்களோட நீயும் கூட்டா."

"சரி கூட்டு தான். வூட்ல வந்து திட்டு. இப்ப கம்முனு வா."

"லெஃப்ட்டு போடு டீ மொதல்ல. லெஃப்ட்டு. இன்னா டீச்சரு நீ."

மருமகன் முதலில் மட்டையைத் தண்ணீரில் இறக்கினான். பாய் அழுதுகொண்டே "ரோடு பக்கம், ரோடு பக்கம்" என்று கத்த ஆரம்பித்தார். மீன்காரம்மா போட்டாள். எல்லாரும் போட்டார்கள். எல்லாரும் எங்களைத் தாண்டிப் போய்க் கம்பைச் சுற்றிக்கொண்டு திரும்பினார்கள், நாங்கள் நடுக்கழியில் வட்டமடித்துக்கொண்டிருந்தோம். அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் பேர் சொல்லித் திட்டினார். கரையில் நின்ற கமிட்டிக்காரர்களைத் திட்டினார். மைக் செட்டுக்காரரை, பாட்டை ஏன்டா நிறுத்தின என்று திட்டினார். நடுநடுவே என்னை. கரையில் ஜனம் சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. போன் பிடிக்காத கை இல்லை. நானும் சிரித்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் புருஷன் என் முதுகுக்குப் பின்னால் முழுசாக இருந்தார். எப்போதும் போலக் கடைசியாகக் கரை சேர்ந்தோம். பாய் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். அவர் பாயையும் திட்டினார்.

சாயங்காலம் குளித்துவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முகம் தெளிவாக இருந்தது. பெண் போனை அவர் முன்னால் நாற்காலியில் வைத்து, பொத்தானை அழுத்தி, தலையாட்டினாள். அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

தொண்டையைக் கனைத்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி திறந்தார். உதடு அசைந்தது, பின்னால் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்தார். வீட்டில் ஏதோ ஒரு பொருளைக் காணவில்லை, நீ எடுத்தாயா என்று கேட்கிற பார்வை அது. "கொஞ்சம் இரு, வெந்நீர் வெக்கிறேன்" என்று நான் அடுப்படிக்குப் போனேன். பெண் பின்னாலேயே வந்து, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

பனங்கற்கண்டு, மிளகு, ஆவி, உப்புத் தண்ணீர், யார் என்ன சொன்னார்களோ அதெல்லாம் செய்தேன். அவர் ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்ததும் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து அதை அலமாரியில் வைத்துவிடுவார். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னபோது, "இதை எதிர்பார்த்ததுதான்" என்றாள். தை முடிவதற்குள் ஆபரேஷன் முடிந்தது.

எனக்குக் கோபம் தீரவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும். ஊர் மேல் கோபம். யார் உங்களை இரக்கப்படச் சொன்னது, வழக்கம் போல ஜெயித்துத் தொலைத்திருந்தால் அவர் முழங்கையால் இடித்துக்கொண்டு கம்மென்று வந்திருப்பாரே. அவர் மேலும் கோபம். சொந்தப் பேரப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை மிச்சம் வைக்காமல், பாய் மருமகனுக்கும் மைக் செட்டுக்காரனுக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு வந்தாரே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழுத்தில் குழாயோடு அவர் படுத்திருக்கும்போதே நான் இதைச் சொல்லித் திட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பதில் வராத திட்டு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன்.

சித்திரையில் பேத்தி பிறந்தாள். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தான் மாப்பிள்ளை. அதிலிருந்து வந்த குரல் யாருடையதோ. அவர் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு பீரோவுக்குள் போட்டுவிட்டார். கம்பெனியில் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். கழுத்து ஓட்டையை மறைக்க வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, வீட்டில் சத்தமில்லாமல் நடமாடுகிறார். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, ஒரே ஒரு தடவை "டீச்சரு" என்று கத்தமாட்டாரா என்று நிற்பேன்.

ஆனால் பேத்திக்குத் தாத்தா என்றால் உயிர். படூரிலிருந்து வந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றாமல் அவர் மடிக்குத்தான் ஓடுவாள். அவர் ஓலையில் பீப்பீ செய்து கொடுப்பார், கரும்பைத் துண்டு போட்டு நார் எடுத்து ஊட்டுவார். அவள் ஓயாமல் பேசுவாள், அவர் தலையாட்டுவார். அதுகளுக்குள் ஒரு குறையும் கிடையாது.

போட்டிக்கு நாங்கள் அதன் பிறகு போகவில்லை. போன பொங்கலுக்கும் மைக் செட் பாட்டு வீடு வரைக்கும் கேட்டது. பெண் குடும்பத்தோடு வந்திருந்தாள். அவர் பின்வாசல் பக்கம் உட்கார்ந்து கரும்பு சீவிக்கொண்டிருந்தார். பேத்தி இப்போது நன்றாகப் பேசுகிறாள், கேட்டதைப் புரிந்துகொள்கிறாள். பெண் பாயில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "தாத்தா முன்னாடி எப்படிப் பேசுவாருன்னு கேக்கறியா" என்று போனை எடுத்தாள். அன்றைக்குக் கரையில் யாரோ எடுத்து அனுப்பிய வீடியோ. மைக் செட் பாட்டு நின்றிருந்ததால் குரல் மட்டும் சுத்தமாக விழுந்திருந்தது. இந்த நாளுக்காகவே பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். எனக்கும் சொல்லவில்லை. அழுத்தினாள்.

"டேய்" என்று அவர் குரல் வீடு முழுக்க எழுந்தது.

நான் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். பின்வாசலில் கரும்பு சீவுகிற கத்தி நின்றது. குழந்தை அசையாமல் உட்கார்ந்திருந்தாள், கீழுதடு மட்டும் நடுங்கியது. குரல் திட்டிக்கொண்டே போயிற்று. சட்டென்று எழுந்து ஓடினாள், பின்வாசலுக்கு ஓடி, அவர் மடியில் ஏறி, அவர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"தாத்தா, அந்த ஆளு திட்டறாரு" என்று உள்ளேயிருந்து அழுதாள். "பயமா கீது. அந்த ஆள போவச் சொல்லு."

பெண் பதற்றத்தில் போனை நிறுத்த முடியாமல் எங்கெங்கோ அழுத்திக்கொண்டிருந்தாள். இழுங்கடா, இழுங்கடா என்று அது கத்திக்கொண்டிருந்தது. அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. ஒரு கையால் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, மற்றக் கையை வாசல் பக்கம் நீட்டி, அவள் பார்க்கும்படியாக விரலை ஆட்டி, அந்த ஆளைப் போகச் சொன்னார்.